குப்பை யார் வீட்டுப் பக்கம்?

காலையில் வண்டி வந்து அள்ளிச் செல்லும் குப்பை, யார் வீட்டுப் பக்கம் போய்ச் சேருகிறது தெரியுமா குட்டீஸ்?

அமெரிக்காவில் ஹூஸ்டன் என்ற பெரிய நகரம் உள்ளது. வீடு இங்கே, தொழிற்சாலை அங்கே என்று இடம் பிரிக்கும் சட்டம் அங்கு கிடையாது. 1979ல், கறுப்பின மக்கள் வசித்த பகுதியில் ஒரு கம்பெனி குப்பைக் கிடங்கு அமைக்க முயன்றது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம்! மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களின் வக்கீல் லிண்டா புல்லார்ட்.

ஆதாரம் வேண்டுமே! அவருடைய கணவர் ராபர்ட் புல்லார்ட் ஒரு பேராசிரியர். தன் மாணவர்களுடன் சேர்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினார்.

மாநகராட்சியின் குப்பைக் கிடங்குகள் 5. ஐந்துமே கறுப்பின மக்கள் பகுதியில்! குப்பை எரிக்கும் உலைகள் 8. அதில் 6 அங்கேதான். இத்தனைக்கும் நகரில் நால்வரில் ஒருவர்தான் கறுப்பினத்தவர். தற்செயலாக இப்படி அமையுமா, நீங்களே சொல்லுங்கள்! 1971க்கு முன் பல பத்தாண்டுகள் நகரசபையில் வெள்ளையர் மட்டுமே இருந்தனர். குப்பை போட்டது ஊர் முழுக்க. நாற்றமும் புகையும் மட்டும், சபையில் பேச ஆளில்லாதவர்களுக்கு.

கிடங்கு வந்தே விட்டது. 1985ல் வழக்கும் தோற்றது. ராபர்ட் விடவில்லை. மற்ற ஊர்களிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, 1990ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். 'சுற்றுச்சூழல் நீதியின் தந்தை' என்று இன்று பலரும் அவரைத்தான் சொல்கிறார்கள்.