கமாயிஷி மாணாக்கரும் கடற்கோளும்

பாடசாலையொன்றின் பெருமையைப் பற்றி ஊரார் உரையாடும்போது சில செய்திகளே வழக்கமாக முன்னிற்கும். பரீட்சையிலே எத்தனை பேர் சித்தியடைந்தனர், இல்ல விளையாட்டுப் போட்டியிலே கேடயம் எவருக்குக் கிடைத்தது, பரிசளிப்பு விழாவிலே எந்தப் பிள்ளை எத்தனை முறை மேடையேறியது என்பனவே அவை. இவை யாவும் மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும், காலையிற் பாடசாலைக்குச் சென்ற பிள்ளை மாலையிற் பத்திரமாக வீடு திரும்பவேண்டும் என்பதே பெற்றோர் ஒவ்வொருவரதும் முதல் எதிர்பார்ப்பாகும். அது நாள்தோறும் நிறைவேறிவிடுவதனால், அதனை ஒரு சாதனையென எவரும் எண்ணுவதில்லை. 2011ஆம் ஆண்டிலே, யப்பானின் கமாயிஷி என்னும் சிறிய துறைமுக நகரில், அது பெருஞ் சாதனையாயிற்று. அதனைச் செய்தவர்கள் மாணாக்கரே.

கமாயிஷி, யப்பானின் வடகிழக்குக் கரையிலே இவாத்தே மாகாணத்தில் உள்ளது. அக்கரைப் பகுதியைச் சன்ரிக்குக் கரை என்பர். மலைகள் கடல்வரை இறங்கிவந்து, அவற்றிடையே ஒடுங்கிய குடாக்கள் பல உள்நுழைந்து கிடக்கும் நிலம் அது. மீன்பிடிக்கு அக்குடாக்கள் மிக உகந்தவை. ஆனால் கடற்கோள் வருங்காலத்து, பரந்த கடலிலிருந்து வரும் நீர் ஒடுங்கிய வாயினுள் நெருக்குண்டு மேலெழுவதனால், அலையின் உயரம் பன்மடங்காகும். 1896ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அக்கரையிலே ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். 1933ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மீண்டும் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். இவ்வாறு தலைமுறைக்கொரு முறை கடல் வந்து போன கரை அது.

இத்துணைப் பட்டறிவு உள்ளவர்கள் எப்போதும் எச்சரிக்கையாக இருப்பர் என்றே நாம் கருதுவோம். உண்மை அவ்வாறன்று. கரையிலே மதில்கள் எழுந்தன. கமாயிஷிக் குடாவின் வாயிலிலே 63 மீற்றர் ஆழத்திலிருந்து எழுப்பப்பட்ட அலைதாங்கி, முப்பது ஆண்டு வேலையின் பின்னர் 2009இல் நிறைவெய்தியது. உலகிலே மிக ஆழமான அலைதாங்கி என்னும் புகழும் அதற்குக் கிட்டியது. மதில் உயர உயர மக்களின் அச்சம் தாழ்ந்தது. எச்சரிக்கை ஒலித்தும் பெரிய அலை வாராத நாள்கள் பல கழிந்தமையால், எச்சரிக்கை கேட்டும் வீட்டிலிருத்தல் பலருக்கு வழக்கமாயிற்று.

2004ஆம் ஆண்டு முதல் குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் கதாதா தொஷிதாகா அந்நகரிலே அனர்த்தக் கல்விப் பணியில் ஈடுபட்டார். வளர்ந்தோரின் மனத்தை மாற்றுதல் அரிது என்பதைக் கண்ட அவர், பாடசாலைகளை நாடினார். பிள்ளைகள் கற்றால், பத்தாண்டிலே அவர்கள் வளர்ந்தோராவர்; மேலும் பத்தாண்டிலே பெற்றோராவர் என்பது அவர் கணிப்பு. அவர் மாணாக்கருக்குப் புகட்டிய நெறிகள் மூன்று. முன்கூட்டிய கணிப்பை முற்றாக நம்பாதே என்பது முதலாவது. அந்நேரத்தில் இயன்ற அனைத்தையும் செய் என்பது இரண்டாவது. பிறர் ஓடும்வரை காத்திராது முதலில் ஓடுபவனாக இரு என்பது மூன்றாவது.

முதல் நெறி வியப்பைத் தரக்கூடும். கடற்கோள் வந்தால் நீர் எதுவரை ஏறும் என்று காட்டும் வரைபடம் நகரத்தவர் கையில் இருந்தது. ஆயினும் அந்த வரைபடம் முன்பு வந்த அலையொன்றை ஆதாரமாகக் கொண்டு வரையப்பட்டது. இனி வரும் அலை முன்னைய அலையின் அளவுக்கு அடங்கி நிற்கும் என்று எவர் உறுதி கூற முடியும்? வரைபடத்தின் கோட்டுக்கு வெளியே தன் வீடு இருப்பது கண்டு மகிழும் பிள்ளை, ஓடவேண்டிய நேரத்தில் ஓடாது. ஆதலால் வரைபடத்தைப் படிக்கவும் அதனை ஐயுறவும் ஒருங்கே கற்பிக்கப்பட்டது.

மூன்றாவது நெறியின் நோக்கம் தன்னலமன்று. ஆபத்து வேளையில் மனிதர் ஒருவரையொருவர் பார்த்து நிற்பது இயல்பு. எவரும் ஓடாவிடின் தாமும் ஓடார். ஒருவர் ஓடின் மற்றவரும் ஓடுவர். ஆகவே முதலில் ஓடுபவன் தன்னுயிரோடு பிறர் உயிரையும் காப்பவனாகிறான்.

அக்கரையிலே பழக்கத்திலுள்ள ‘தென்தென்கோ’ என்னும் சொல்லும் இதனோடு தொடர்புடையது. அவரவர் தனித்தனியே என்பது அதன் பொருள். கடற்கோள் வருங்கால் தாய் பிள்ளையைத் தேடாமலும், பிள்ளை தாயைத் தேடாமலும், அவரவர் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதாம். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது இரக்கமற்ற அறிவுரையாகத் தோன்றும். ஆனால் முன்னைய கடற்கோள்களிலே, ஒருவரையொருவர் தேடிச் சென்ற குடும்பங்கள் ஒருங்கே அழிந்தன. தன் பிள்ளை எங்கிருந்தாலும் தப்பியோடும் என்ற உறுதி தாய்க்கு இருந்தாற்றான், அவள் கடலை நோக்கித் திரும்பாது மேட்டை நோக்கி ஏறுவாள். அவ்வுறுதியை முன்னரே வீட்டில் உண்டாக்கவேண்டும். இதன்பொருட்டு, நீ வீட்டில் தனித்திருக்கும்போது நிலம் அதிர்ந்தால் என்ன செய்வாய் என்ற வினாவைப் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் எழுதிய விடைகளைப் பெற்றோரிடம் காட்டுமாறு செய்தனர்.

இக்கல்வி ஆண்டுக்கொரு நாள் நிகழும் சடங்காக இருக்கவில்லை. நாளாந்தப் பாடங்களினுள்ளே அது புகுத்தப்பட்டது. கணித பாடத்திலே கடற்கோளின் வேகம் கணக்காயிற்று. கடலின் ஆழத்தை மீற்றரில் எடுத்து, புவியீர்ப்பு ஆர்முடுகலாகிய 9.8ஆற் பெருக்கி, வரும் எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டால், அலை செக்கனுக்கு எத்தனை மீற்றர் செல்லும் என்பது தெரியவரும். 4,000 மீற்றர் ஆழமுள்ள சமுத்திரத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர். அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். கரையை அண்மி ஆழம் 10 மீற்றராகக் குறைந்தபோதும், செக்கனுக்கு ஏறத்தாழ 10 மீற்றர். நூறு மீற்றரைப் பத்துச் செக்கனில் ஓடவல்ல உலக வீரனின் வேகம் அது. அலையைக் கண்ணாற் கண்டபின் ஓடத் தொடங்குபவன் தப்புதல் அரிது என்பதை, ஆசிரியர் கூறவேண்டியதில்லை, கணக்கே கூறிவிடுகின்றது.

உனொசுமாய் என்னும் பகுதியிலே கமாயிஷி கிழக்குக் கனிட்ட இடைநிலைப் பாடசாலையும், உனொசுமாய் ஆரம்பப் பாடசாலையும் கடலுக்கு அண்மையில் அருகருகே அமைந்திருந்தன. வரைபடத்தின்படி அவ்விரண்டும் நீர் ஏறாத இடத்திலேயே இருந்தன. எனினும் இரு பாடசாலைகளும் சேர்ந்து ஒத்திகை நடத்தின. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுள்ள மூத்த மாணாக்கர், இளையோரைக் கைபிடித்து அழைத்துச் செல்லப் பழகினர். வீட்டில் உள்ளோர் தப்பிச் சென்றுவிட்டனர் என்பதை வாயிலில் அறிவிக்கும் அட்டைகளையும் அவர்கள் ஊராருக்கு வழங்கினர். தேடுவோர் வீண் தேடலில் உயிரிழவாதிருத்தற்கு அது உதவும்.

2011 மார்ச் 11ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46 மணிக்கு, 9.0 அளவான பூகம்பம் நிகழ்ந்தது. மின்சாரம் தடைப்பட்டமையால் பாடசாலை ஒலிபெருக்கி இயங்கவில்லை. கனிட்ட இடைநிலைப் பாடசாலை மாணாக்கர் அறிவித்தலுக்குக் காத்திராது வெளியே விரைந்தனர். அவ்வேளை ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் தம் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலே கூடத் தொடங்கியிருந்தனர். மூத்தோர் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி உடன் ஓடினர். சிறிது நேரத்தின் பின் அம்மாடிவரை கடல் ஏறிற்று. மோட்டார் வண்டியொன்று அங்கே செருகுண்டு கிடந்தது.

ஓடியவர்கள் முதலில் முன்னரே குறிக்கப்பட்டிருந்த ஓரிடத்தை அடைந்தனர். முதியோர் பராமரிப்பு நிலையமொன்று அங்கிருந்தது. ஒத்திகைகள் முடிவடைந்த இடம் அதுவே. ஆனால் பின்புறத்து மலைச்சரிவு இடிந்து வீழ்வது தெரிந்தது. இவ்விடமும் போதாது என்று உணர்ந்து, இன்னும் மேலேயுள்ள மற்றொரு நிலையத்துக்கு ஏறினர். வழியிலே, பாலர் பாடசாலைக் குழந்தைகளை வண்டிகளில் தள்ளிவந்த பெண்களுக்கு உதவினர். முதலில் நின்ற இடத்தையும் அலை மூழ்கடித்தது. இரண்டாவது இடத்தில் இருந்தபோது, ஊரை விழுங்கிவரும் நீரைக் கண்ணாரக் கண்டு மேலும் உயர்ந்த கணவாய்க்கு ஓடினர். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் அவ்வோட்டம். பாடசாலையிலிருந்து புறப்பட்ட மாணாக்கர் அனைவரும் உயிர் தப்பினர்.

நகரின் மற்றோர் ஆரம்பப் பாடசாலையிலே அன்று வகுப்புகள் முன்னரே கலைந்திருந்தன. 184 பிள்ளைகளிற் பெரும்பாலோர் வீட்டிலும் வீதியிலும் கடற்கரையிலுமாகச் சிதறியிருந்தனர். ஆசிரியர் எவரும் உடனில்லை. அவர்கள் யாவரும் தப்பினர். நகரம் முழுவதிலும் 1,000க்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போக, ஏறத்தாழ 3,000 ஆரம்ப, கனிட்ட இடைநிலை மாணாக்கருள் உயிரிழந்தோர் ஐவரே. அவ்வைவரும் அவ்வேளை பாடசாலையின் பொறுப்பில் இல்லாதவர்கள்.

இதனை உலகம் ‘கமாயிஷி அற்புதம்’ என்று போற்றியது. அச்சொல்லை அந்நகரத்தவர் பலர் விரும்பவில்லை. பிள்ளைகளை இழந்த வீடுகள் அந்நகரிலும் உள. மேலும், அற்புதம் என்பது காரணமின்றி நிகழ்வது. இங்கே நிகழ்ந்ததோ பல்லாண்டுப் பயிற்சியின் பயன். நகராட்சியும் பின்னர் அச்சொல்லைத் தவிர்த்து, ‘கமாயிஷி நிகழ்ச்சி’ என்றே வழங்கலாயிற்று.

பயிற்சியின் வலிமையை உணர்த்தும் துயரச் செய்தியொன்றும் அதே உனொசுமாயில் உண்டு. 2010இலே அங்கு அனர்த்தத் தடுப்பு நிலையமென்ற பெயரிற் கட்டடமொன்று திறக்கப்பட்டது. கடற்கோளுக்குரிய புகலிடமாக அது குறிக்கப்படவில்லை. ஆயினும் மேட்டுக்கு ஏறுதல் முதியோர்க்குக் கடினமென்பதால், வசதி கருதி, ஒத்திகைகளின்போது மக்கள் அங்கே கூடுவதுண்டு. மார்ச் 11ஆம் திகதியும் பழகியபடியே பலர் அங்கே கூடினர். அலை உட்புகுந்தது, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒத்திகையில் கால் எவ்வழி பழகுகின்றதோ, ஆபத்திலும் அவ்வழியே செல்லும். எளிமைக்காகப் பிழையான இடத்திற் செய்த ஒத்திகை, ஒத்திகையின்மையினும் கொடியதாயிற்று.

அண்டை மாகாணத்திலே இஷினோமாகி நகரைச் சேர்ந்த ஒக்காவா ஆரம்பப் பாடசாலை, ஆற்றோரமாகக் கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உள்ளே இருந்தது. பின்னால் ஏறத்தக்க குன்றும் இருந்தது. எங்கே செல்வது என்று முன்னரே தெளிவாக முடிவு செய்யப்படாமையால், பிள்ளைகள் ஏறத்தாழ 50 நிமிடம் முற்றத்திலேயே நிறுத்தப்பட்டனர். 74 மாணாக்கரும் 10 ஆசிரியரும் உயிரிழந்தனர். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். பாடசாலையும் கல்வி நிருவாகமும் வரைபடத்தையே நம்பியிராது, தகுந்த திட்டத்தை முன்கூட்டியே வகுத்திருத்தல் வேண்டும் என்று செண்டாய் உயர் நீதிமன்றம் 2018இல் தீர்த்தது. 2019இலே உச்ச நீதிமன்றத்தில் அத்தீர்ப்பு உறுதியாயிற்று. ஆசிரியரின் அன்பிலே அங்கு குறையில்லை. அந்த 50 நிமிடத்திற் செய்யவேண்டிய முடிவு அதற்கு முந்திய ஆண்டுகளிற் செய்யப்படவில்லை என்பதே குறை.

இலங்கையருக்கு இச்செய்தி அயலார் செய்தியன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி இத்தீவிலே 30,000க்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையும் ஆகும். பாடசாலைகள் திறந்திருந்தால் இழப்பு எத்தகையதாயிருக்கும் என்பதைக் கரையோரத்தார் எண்ணிப் பார்க்கவும் அஞ்சுவர். அந்நாளைத் தேசிய பாதுகாப்பு நாளாக இந்நாடு அனுட்டித்து வருகின்றது. இவ்விடத்து ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். யப்பானியப் பிள்ளைக்கு நிலத்தின் அதிர்வே முதலெச்சரிக்கை. இலங்கைக்கோ சுமாத்திராவுக்கு அப்பால் எழும் பூகம்பம் நன்கு புலப்படாது. அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் செல்லும். ஆதலின் அறிவித்தலுக்குச் செவி கொடுத்தலும், கடல் திடீரென உள்வாங்கினால் வெறுந்தரையைப் பார்க்க இறங்காது மேட்டை நோக்கி ஓடுதலும் இங்கே கற்பிக்கப்படவேண்டியவை.

உனொசுமாயில் அவ்விரு பாடசாலைகளும் இன்று மேட்டு நிலத்தில், 2017 முதல் புதிய கட்டடங்களில் இயங்குகின்றன. அவை முன்பு நின்ற இடத்தில் விளையாட்டரங்கொன்று எழுந்துள்ளது. 2019 செப்டெம்பர் 25ஆம் திகதி, உலகக் கிண்ண ரகர் ஆட்டமொன்றில் பீஜியும் உருகுவேயும் அங்கே மோதின.

பாடசாலைச் சமூகம் தன் மாணாக்கரின் வெற்றிகளைக் கொண்டாடுவது முறையே. அத்துடன் அதிபரும் ஆசிரியரும் பெற்றோரும் கூடும் கூட்டமொன்றிலே ஆண்டுக்கொரு முறையாவது சில வினாக்கள் எழவேண்டும். கடலோ வெள்ளமோ மண்சரிவோ தீயோ வந்தால், நம் பிள்ளைகள் எவ்வழியே எங்கே செல்வர்? அவ்விடம் போதாதெனின் அடுத்த இடம் எது? ஒலிபெருக்கி இயங்காவிடின் யார் சொல்லுவார்? சின்னஞ் சிறார் கையை எந்த வகுப்பு மாணாக்கர் பிடிப்பர்? இவற்றுக்கு விடை கண்டு, அவ்விடைப்படி நடந்தும் பார்த்த பாடசாலையிலே, பெற்றோர் தம் பிள்ளையை நம்பித் தாமும் மேட்டுக்கு ஏறலாம்.