மூளைக்கும் பிரேக் உண்டு!

மூளை என்றாலே, 'செய், செய்' என்று உத்தரவு போடும் உறுப்பு என்றுதான் நாம் நினைக்கிறோம். 'போதும், நிறுத்து' என்று சொல்லவும் அதில் தனி நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையின் மேற்புறணியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த அடக்கும் அணுக்கள்தான்.

சாதாரணமாக ஒரு நரம்பணு அடுத்த அணுவுக்கு ரசாயனம் மூலமாகத்தான் சேதி அனுப்பும். அடக்கும் அணுக்கள் சுரக்கும் ரசாயனத்தின் பெயர் 'காபா'. அது பட்டதும் அடுத்த அணு அடங்கிவிடும்.

ஆனால் இந்த அடக்கும் அணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு குறுக்கு வழியும் வைத்திருக்கின்றன. பக்கத்து அணுக்களின் சவ்வுகள் ஒட்டினாற்போல் நெருங்கியிருக்கும். நடுவே 'கனெக்சின் 36' என்ற புரதத்தால் ஆன நுண்குழாய்கள். அவற்றின் வழியே மின்சாரம் நேராகவே பாயும்! எலியின் மூளைப் புறணியில் இதை 1999-ல் இரண்டு அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே நிரூபித்தன.

எதற்கு இந்த ஏற்பாடு? பஸ்ஸின் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் ஒரே சமயத்தில் பிடித்தால்தானே வண்டி நேராக நிற்கும்? அதேபோல அடக்கும் அணுக்கள் ஒரே தாளத்தில் இயங்க இந்த மின் இணைப்பு உதவுகிறது.

பிரேக்கையும் மீறி நரம்பணுக்கள் மொத்தமாகக் கிளம்பினால் வருவதுதான் காக்காய் வலிப்பு. பினோபார்பிட்டோன், குளோபசாம் போன்ற மாத்திரைகள் காபாவின் வேலைக்குப் பலம் சேர்ப்பவை.

"ஐயா, ஒரு வருஷமா வலிப்பு வரலை. இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு உங்க சூரணம் மட்டும் சாப்பிடட்டுமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், வேண்டாம்! திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதா, நிறுத்துவதா என்பதை நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுவும் படிப்படியாக. சூரணம், லேகியம் எது சாப்பிட்டாலும் அவரிடம் மறைக்காதீர்கள்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைத் தேடி ஓடாதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.