பல் சொல்வதும் சிறுநீர் சொல்வதும்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பழுப்புக் கறை படிந்த பற்களை உடையோரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். வெற்றிலைப் பழக்கமோ, பல் துலக்காத சோம்பலோ இதற்குக் காரணமன்று. பாறைகளிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலக்கும் புளோரைடே காரணம். நம் நாட்டில் இந்நோய் 1937-ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது.

ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் புளோரைடு இருக்கலாம். வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. அதனை மீறிய நீரை ஆண்டுக்கணக்கில் அருந்தினால் பல்லோடு எலும்பும் மூட்டும் கெடும்.

இந்நஞ்சு உடலுள் எவ்வளவு சென்றுள்ளது என்று எங்ஙனம் அறிவது? சிறுநீரே அதனைச் சொல்லும். பெரியவர்களின் உடலில் சேரும் புளோரைடில் ஏறக்குறைய பாதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன; எஞ்சியது பெரும்பாலும் எலும்பில் தங்குகிறது. வளரும் குழந்தைகளிலோ எலும்பே பெரும்பங்கை ஈர்த்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் புட்டியில் சேகரித்த சிறுநீரில் அயனி மீட்டரின் மின்முனையைத் தோய்த்தால் சில நிமிடங்களில் அளவு புலப்படும். 2008-09-இல் மத்திய அரசு தொடங்கிய புளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் இச்சோதனையும் அடங்கும்.

ஒருவேளைச் சிறுநீர் அன்று குடித்த நீருக்கேற்ப மாறும். ஆகவே 24 மணி நேரச் சிறுநீரே அதிக நம்பிக்கைக்குரியது. மெல்ல வளரும் நகம் சில மாதங்களுக்கு முந்தைய கணக்கைக் காட்டும். பல்லின் கறையோ குழந்தைப் பருவத்தின் கணக்கு.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டு, காவிரி நீர் நம் ஊர்களை நோக்கி வந்தது. அத்துடன் கவலை தீர்ந்தது என்றிருத்தல் கூடாது. குடிக்கக் குழாய் நீர், உலைக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் என்று வாழும் வீட்டைச் சிறுநீர்ச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். புளோரைடு மிகுந்த நீரைக் காய்ச்சுவதாலும் பயனில்லை. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

பெற்றோர் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நிலைப்பற்களின் மேற்பூச்சு பெரும்பாலும் எட்டு வயதிற்குள் உருவாகிவிடுகிறது. அதன்பின் நல்ல நீர் தந்தால் எலும்பைக் காக்கலாம். படிந்த கறையை நீரால் போக்க இயலாது. எனவே கைக்குழந்தையின் கஞ்சிக்கும் பாலுக்கும் எந்த நீரைச் சேர்க்கிறோம் என்பதை இன்றே கவனிப்போம். ஐயமிருப்பின் கிணற்று நீரையும் குழந்தையின் சிறுநீரையும் சோதித்தறிவோம்.