சுரங்கம் மூடிய ஊரில் வெளிநாட்டுக் கனவு: மாணவர்கள் எண்ணுவது ஏன், தடுப்பது எது?

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் உள்ள மைசூர் மைன்ஸ் பகுதியில் பட்டப்படிப்பை முடிக்கும் ஒருவர் வெளியூர் செல்ல வேண்டுமா என்று யோசிப்பதில்லை. எவ்வளவு தூரம் செல்வது என்பதே அவர் முன் உள்ள கேள்வி. மாரிகுப்பத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு அன்றாடம் ரயிலில் சென்று திரும்புவது அங்கு வழக்கமான வாழ்க்கை.

இடப்பெயர்வும் இவ்வூருக்குப் புதிதல்ல. மைசூர் தங்கச் சுரங்க நிறுவனம் 1880-ல் தொடங்கப்பட்டபின் வட ஆற்காடு, சேலம் உள்ளிட்ட பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்தன. அவர்களில் பெரும்பாலோர் சொந்தக் கிராமத்தில் நிலம் மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள். கூலிக்காக மட்டும் அவர்கள் ஊரை விட்டு வந்தனர் என்று கருதுவது பாதி உண்மையே. 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஊரில் பொறியியல் கல்லூரியும் பெமல் தொழிற்சாலையும் உள்ளன. ஆனால், சுரங்கம் அளித்த வேலைவாய்ப்பை ஈடுசெய்ய அவை போதவில்லை.

புறப்படும் இடத்தின் குறைகள், சேருமிடத்தின் ஈர்ப்பு ஆகியவற்றுடன் இடையில் நிற்கும் தடைகளும் சேர்ந்தே இடப்பெயர்வைத் தீர்மானிக்கின்றன என்று அமெரிக்க அறிஞர் எவரெட் லீ 1966-ல் விளக்கினார். வேலையின்மை, ஊதிய வேறுபாடு ஆகிய முதலிரண்டைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. தங்கவயல் போன்ற ஊர்களில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான்.

கல்விக்கடன் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. வெளிநாட்டு முதுகலைப் படிப்பின் செலவு இதைப் பன்மடங்கு தாண்டுகிறது. தலைமுறைகளாக நிறுவனக் குடியிருப்பில் வாழ்ந்து, தங்கள் பெயரில் பத்திரம் இல்லாத குடும்பம் எதைப் பிணையாக வைக்கும்? பிணையின்றிக் கடன் தரும் தனியார் நிதி நிறுவனங்களின் வட்டி பொதுவாக அதிகம்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையும் உள்ளது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் விண்ணப்பிக்கலாம். ஆனால், நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்களே உள்ளன. அமெரிக்காவில் மட்டும் 2023-24 கல்வியாண்டில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்ததை நோக்க, இது மிகச் சிறிய எண்ணிக்கை.

சேருமிடமும் மாறி வருகிறது. கனடா 2024-ல் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அதே ஆண்டு ஜனவரி முதல் பிரிட்டனில் ஆராய்ச்சிப் படிப்பு தவிர்த்த பெரும்பாலான படிப்புகளில் சேர்வோர் குடும்பத்தினரை உடன் அழைத்துச் செல்ல முடியாது. படித்தபின் அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கு இதனால் உறுதியற்றதாகியுள்ளது. கடன் தவணை தவறினால் அதன் சுமை, பெற்றோர் இணைக் கடனாளிகளாகக் கையெழுத்திட்டிருப்பதால், ஊரில் உள்ள குடும்பத்தின் மீதே விழும்.