நர்ஸ் ஆவதற்கு முன் 75 மணி நேரம்

அமெரிக்காவில் நர்சிங் கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே பலர் பெட்பேன் தூக்கப் பழகிவிடுகிறார்கள். அது பயிற்சியா, பொறியா?

பக்கவாதத்தால் ஒரு கை விழுந்துபோனவருக்குச் சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும்? விழுந்துபோன கையை. கழற்றும்போது அதே கையைக் கடைசியில். நல்ல கை வளைந்து கொடுக்கும். மற்றதைச் சட்டைதான் தேடிப் போக வேண்டும். அமெரிக்காவில் நர்சிங் அசிஸ்டென்ட் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் தேர்வாளர் முன்னிலையில் செய்து காட்ட வேண்டிய வேலைகளில் இது ஒன்று. எழுத்துத் தேர்வு தனி. செய்முறைத் தேர்வில் பல மாநிலங்களில் ஐந்து வேலைகள் வரும். பல்செட் கழுவுவது, பெட்பேன் வைப்பது, சிறுநீர் அளப்பது, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். எது வந்தாலும் கை கழுவுவது மட்டும் தப்பாது.

சி.என்.ஏ. என்று மூன்றெழுத்தில் சொல்லப்படும் இந்தச் சான்றிதழ் நர்ஸ் பட்டம் அல்ல. இதை வைத்துக்கொண்டு ஊசி போட முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் மாத்திரைகூடக் கொடுக்க முடியாது. ஆனாலும் நர்ஸ் ஆக விரும்பும் இளைஞர்களில் பலர் முதலில் இதை வாங்கி, ஓராண்டு ஈராண்டு வேலை பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். சில கம்யூனிட்டி காலேஜ்களில் இது சேர்க்கைக்கான நிபந்தனை. வேறு சில இடங்களில் விண்ணப்பத்துக்குக் கூடுதல் மதிப்பு.

இந்த ஏற்பாட்டின் வேர் நர்சிங் ஹோம்களில் இருக்கிறது. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அது தானாக எழுந்து நடமாட முடியாத முதியவர்கள் வருடக்கணக்கில் வாழும் இடம். 1980-களில் அவற்றின் நிலை பற்றி ஏகப்பட்ட புகார்கள். படுக்கைப் புண், கட்டிலோடு கட்டிவைப்பது, தேவையில்லாத மயக்க மருந்து. 1986-ல் அமெரிக்க மருத்துவக் கழகமான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் விரிவான அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. முதியவர் ஒருவரைத் தொடுவதற்கு முன்பே அதில் 16 மணி நேரம் முடிந்திருக்க வேண்டும். மாநிலங்கள் இதைக் கூட்டிக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் 160 மணி நேரம்.

75 மணி நேரம் என்பது ஒன்றுமேயில்லை என்று தோன்றும். ஆனால் கற்றுத்தரப்படும் விஷயங்கள் நுட்பமானவை. பல்செட்டைக் கழுவும் முன் பேசினில் துண்டு விரித்துக்கொள்ள வேண்டும், கை நழுவினால் உடையாமலிருக்க. மூச்சை எண்ணும்போது நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள். ஊட்டும்போது நின்றுகொண்டு ஊட்டக்கூடாது. உட்கார்ந்து, கண்ணுக்குக் கண் பார்த்து ஊட்ட வேண்டும். அறைக்குள் நுழையும் முன் கதவைத் தட்ட வேண்டும், உள்ளே இருப்பவருக்குத் தட்டுவது காதில் விழாது என்றாலும்.

வேலையில் சேர்ந்த பிறகு கிடைப்பது வேறு பாடம். தினமும் ஒரே உடம்பைக் குளிப்பாட்டுகிறவருக்கு, குதிகாலில் நேற்று இல்லாத சிவப்பு இன்று இருப்பது தெரியும். அழுத்தி விட்டாலும் அது வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண்ணின் தொடக்கம். வழக்கமாகச் சிரிக்கும் பாட்டி திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், அது மூப்பு அல்ல, உள்ளே ஏதோ தொற்றாக இருக்கலாம். அமெரிக்க மருத்துவ நிலையங்களில் நர்ஸின் நேரத்தை மருந்தும் கம்ப்யூட்டர் பதிவுகளும் விழுங்கிவிடுகின்றன. தொட்டுச் செய்யும் வேலையில் பெரும்பகுதி உதவியாளரிடம்தான். எனவே அந்தப் படியில் நின்று வந்த நர்ஸுக்கு, உதவியாளர் “இவர் இன்னிக்கு சரியில்லை” என்று சொன்னால் அதன் எடை புரியும்.

மொழிபெயர்க்கிறவனுக்கு இங்கே ஒரு சங்கடம். நர்ஸ் என்றால் செவிலியர் என்று எழுதிப் பழகிவிட்டோம். சங்க அகப்பாடல்களின் செவிலியோ தலைவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நியாயப்படி அந்தச் சொல் சி.என்.ஏ.வுக்குத்தான் போக வேண்டும்.

இந்தியாவில் நர்சிங் மாணவிகள் உடல் துடைப்பதையும் படுக்கை விரிப்பதையும் படிப்புக்கு உள்ளேயே, முதலாண்டில் கற்கிறார்கள். பிறகு வார்டில் அதைச் செய்வது பெரும்பாலும் நோயாளியின் மனைவி, மகள், அல்லது ஆயா. அந்த ஆயா இருபது வருடம் வேலை பார்த்திருந்தாலும் நர்சிங் கல்லூரி சேர்க்கையில் அது செல்லாக்காசு. அங்கே பேசுவது பிளஸ் டூ மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும்தான். அமெரிக்காவில் ஏணி என்று ஒன்றாவது இருக்கிறது.

ஆனால் ஏறுவது சுலபமில்லை. 2023-ல் அங்கே நர்சிங் அசிஸ்டென்டின் இடைநிலை ஆண்டு ஊதியம் சுமார் 38,200 டாலர். பதிவு பெற்ற நர்ஸுக்கு 86,070. பகல் ஷிஃப்டில் பத்துப் பேரை ஒருவர் பார்ப்பது சாதாரணம். எட்டு மணி நேரத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு 48 நிமிடம். குளியல், உடை, கழிப்பறை, சாப்பாடு எல்லாம் அதற்குள். ஆள் தூக்கித் தூக்கி முதுகு போகும். இரண்டு ஷிஃப்ட் பார்த்தால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலையில் அனாடமி வகுப்புக்கு நேரம் ஏது? ஓராண்டில் கல்லூரிக்குப் போய்விடுவதாகச் சொல்லி வந்து, பத்தாண்டு தாண்டியும் அதே தாழ்வாரத்தில் நடப்பவர்கள் உண்டு. பெண்கள், கறுப்பர்கள், வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் இந்த வேலையில் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த அனுபவத்துக்கு ஓராண்டு போதும். அதற்கு மேல் லாபம் நர்சிங் ஹோம் முதலாளிக்குத்தான்.

அந்த முதலாளிகளுக்கு இந்த 75 மணி நேரமே பாரமாகத் தோன்றிய காலமும் உண்டு. கொரோனா பரவிய 2020-ல் அரசு பயிற்சி விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியபோது, 8 மணி நேர ஆன்லைன் வகுப்பு முடித்தவர்கள் உள்ளே வந்தார்கள். முதியவர்கள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்த வேளை அது. சலுகை 2022-ல் விலக்கப்பட்டது. ஒவ்வொரு முதியவருக்கும் உதவியாளர் தினமும் 2.45 மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று 2024-ல் வந்த விதியை, அடுத்த ஆண்டே டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்தது.

செலவு விஷயத்தில் மட்டும் சட்டம் தெளிவு. நர்சிங் ஹோமே வேலைக்கு எடுத்துப் பயிற்சி தந்தால் கட்டணம் வாங்கக்கூடாது. சொந்தப் பணத்தில் படித்தவருக்கு 12 மாதத்துக்குள் நர்சிங் ஹோமில் வேலை கிடைத்தால், செலவைத் திருப்பித் தர வேண்டும். தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலையே பார்க்காவிட்டால் மறுபடி பயிற்சி, அல்லது தேர்வு. அதனாலும், சம்பளத்துக்காகவும் நர்சிங் மாணவர்கள் பலர் சனி, ஞாயிறு ஷிஃப்டை விடுவதில்லை. பட்டம் வாங்கி அதே வார்டுக்கு நர்ஸாகத் திரும்புகிறவருக்குத்தான் சிக்கல். நேற்றுவரை ஒரே கட்டிலின் இருபுறம் நின்று விரிப்பு மாற்றிய தோழியிடம் இன்று, “ஏழாம் நம்பர் அறைக்கு நீ போ” என்று சொல்ல வேண்டியிருக்கும்.