யூரோவிஷன்: பாட்டு கெட்டுப் போச்சா, எங்கட காது மாறிப் போச்சா?

ஒவ்வொரு வருசமும் மே மாதம் யூரோவிஷன் இறுதிப் போட்டி முடிந்து வருகிற திங்கட்கிழமை, எங்கள் அலுவலகத்தில் கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் ஒரே சண்டைதான். ஐம்பதைத் தாண்டிய சுவிஸ்காரர் "இதெல்லாம் ஒரு பாட்டா? அபா காலத்தோட எல்லாம் முடிஞ்சுது" என்பார்கள். இளம் பெடியள் விடமாட்டார்கள். "நீங்கள் கடைசியாக முழுசாகப் பார்த்தது எந்த வருசம்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

வீட்டிலும் இதே கதைதான், என்ன, அது தமிழில் நடக்கும். தாத்தா, பாட்டிக்கு மேடையில் நெருப்பும் புகையும் பிடிக்காது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். நடுவில் இருக்கிற நாங்கள், அதாவது இங்கேயே வளர்ந்து இப்ப பிள்ளைகளை வளர்க்கிற தலைமுறை, எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் முழிக்கிறோம்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். யாராவது "முந்தி நல்லா ஓடினது, இப்ப ஓடேல்ல" என்றால், என்ன மாறியது என்றுதான் முதலில் பார்ப்பேன். யூரோவிஷனையும் அப்பிடியே ஒருக்காப் பார்ப்போம்.

அந்தப் பொற்காலம் எப்பிடி இருந்தது?

முதல் போட்டி 1956இல், எங்கட சுவிஸ் நாட்டின் லுகானோ நகரத்தில் நடந்தது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. சுவிஸ் பாடகி லிஸ் அசியாதான் வென்றார். 1974இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் சுவீடனுக்காக அபா 'வாட்டர்லூ' பாடி வென்றது. 1988இல் டப்ளினில் கனடாவைச் சேர்ந்த செலின் டியோன் சுவிஸுக்காகப் பாடி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிரிட்டனை முந்தினார். அந்தப் பாட்டுக்கு இசையமைத்த அதில்லா ஷெரெஃப்துக் துருக்கியிலிருந்து சுவிஸுக்கு வந்து குடியேறியவர்.

இதைக் கேட்டால் அந்தக் காலம் பொற்காலம் மாதிரித்தான் தெரியும். ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. 1968இல் ஸ்பெயின் வென்ற பாட்டின் பெயரே 'லா லா லா'. 1969இல் பிரிட்டன் அனுப்பியது 'பூம் பாங் அ பாங்'. அந்த வருசம் நான்கு நாடுகள் சமபுள்ளி எடுத்தன. சமநிலையைத் தீர்க்க விதி இல்லாததால் நான்கும் முதலிடம் என்று அறிவித்தார்கள். அந்தக் குழப்பத்துக்குப் பிறகு 1970இல் சுவீடன், நோர்வே, பின்லாந்து உட்படப் பல நாடுகள் வரவே இல்லை. 1975இல் நெதர்லாந்து 'டிங் அ டாங்' என்ற பாட்டோடு வென்றது. 1984இல் சுவீடன் வென்றது 'டிக்கி லூ டிக்கி லே'.

எங்கட அம்மா அப்பா எண்பதுகளின் பாட்டுகளைப் புகழும்போதும் இதுதான் நடக்கிறது. இளையராஜாவின் நல்ல பாட்டுகள் நினைவில் நிற்கும், அதே வருசம் வந்த சொத்தைப் பாட்டுகளை ஒருத்தரும் திருப்பிப் போடுவதில்லை. அந்தக் காலத்தின் பொறுக்கி எடுத்த பத்துப் பாட்டையும் இந்த வருசத்தின் முழுப் பட்டியலையும் ஒப்பிட்டால் எப்பவும் இந்த வருசம்தான் தோற்கும்.

உண்மையில் குறைந்தது என்ன?

ஆனாலும் பழைய ரசிகர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

1998 வரை மேடைக்குப் பக்கத்தில் முழு வாத்தியக் குழு ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாடும் தன் நடத்துநரை அனுப்பலாம். 1999இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இசை முழுவதும் பதிவு செய்த ட்ராக்தான். கையில் கிட்டார் இருந்தாலும் சத்தம் அதிலிருந்து வருவதில்லை. 2021இல் பின்னணிக் குரலையும் பதிவாகப் போடலாம் என்று அனுமதித்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வந்த அந்த ஏற்பாடு அப்படியே நின்றுவிட்டது. இப்ப நேரடியாகப் பாட வேண்டியது முதன்மைக் குரல் மட்டும்தான். கச்சேரியில் மிருதங்கத்தையும் வயலினையும் பென்டிரைவில் கொண்டுவந்தால் எங்கட சபாக்காரர் சும்மா இருப்பார்களா?

வாத்தியக்காரருக்குப் போன கவனம் இப்ப ஒளிக்கும் கமராவுக்கும் போகிறது. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. அந்த மூன்று நிமிடத்துக்குள் இருபத்தைந்து நாடுகளுக்கு நடுவில் ஞாபகத்தில் நிற்க வேண்டும். வாக்களிப்பு நேரத்தில் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் சில விநாடிகள்தான் திரும்பக் காட்டுவார்கள். அந்தச் சில விநாடிக்காகவே கட்டின பாட்டுகள் வருகின்றன.

ரசிகர்களின் இன்னொரு முறைப்பாடு, எல்லாப் பாட்டும் ஒரே ஆலையில் செய்த மாதிரி இருக்கு என்பது. சுவீடன் பாட்டாசிரியர்கள் பல நாடுகளுக்கும் எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. 2011இல் அசர்பைஜான் வென்ற பாட்டை எழுதியவர்களிலும் சுவீடன்காரர்கள் இருந்தார்கள். இதனால் மிக மோசமான பாட்டுகள் குறைந்துவிட்டன, உண்மை. கூடவே திடுக்கிட வைக்கிற பாட்டுகளும் குறைந்துவிட்டன. என்னைக் கேட்டால் இழப்பு அங்கேதான் இருக்கிறது.

மொழி போனது, திரும்பி வந்தது

எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

1977 முதல் 1998 வரை ஒவ்வொரு நாடும் தன் மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி இருந்தது. 1999இல் அது போனது. அதற்குப் பிறகு 2006 வரை வென்ற பாட்டுகள் எல்லாம் முழுசாகவோ பெரும்பாலுமோ ஆங்கிலம். சின்ன மொழிகளுக்கு இனி இடமில்லை என்றுதான் பலர் நினைத்தார்கள்.

அப்பிடி நடக்கவில்லை. 2007இல் செர்பிய மொழிப் பாட்டு வென்றது. 2017இல் கியெவ் நகரத்தில் சல்வடோர் சோப்ரால் என்ற போர்த்துக்கல் பாடகர், நெருப்பு இல்லாமல், நடனம் இல்லாமல், தன் அக்கா எழுதிய பாட்டைப் போர்த்துக்கீச மொழியில் மெல்லப் பாடி 758 புள்ளிகள் எடுத்தார். போர்த்துக்கலுக்கு அதுதான் முதல் வெற்றி. இசை என்பது வாணவேடிக்கை அல்ல, உணர்வு என்று அந்த மேடையிலேயே சொல்லிவிட்டுப் போனார். 2021இல் இத்தாலிய ராக், 2022இல் உக்ரேனிய மொழி.

2025இல் பாசல் நகரத்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1998க்குப் பிறகு முதல் தடவையாக சுவீடன் தன் மொழியில் ஒரு பாட்டை அனுப்பியது. பாடிய காய் என்ற மூவர் குழு சுவீடன்காரர் இல்லை. பின்லாந்தில் சுவீடிஷ் பேசும் சிறுபான்மையினர். அவர்கள் பாடியது தங்கள் ஊர்ப்பக்கத்து வட்டார வழக்கில், சௌனாக் குளியலைப் பற்றி. நாலாம் இடம் வந்தார்கள். வல்வெட்டித்துறைப் பேச்சுத் தமிழில் ஒருவர் கடல் குளியலைப் பற்றிப் பாடி ஐரோப்பா முழுக்க ஆட வைத்தால் எப்பிடி இருக்கும்? அந்த மாதிரித்தான்.

"இஞ்ச இருக்கிற பிள்ளைக்குத் தமிழ் எதுக்கு?" என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த மூவரும்தான் ஞாபகம் வருவார்கள்.

யார் தீர்மானிப்பது?

தொலைபேசி வாக்கு 1997இல் ஐந்து நாடுகளில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. அயல்நாட்டுக்காரர் ஒருவருக்கொருவர் வாக்குப் போடுகிறார்கள் என்ற கோபமும் கூடவே வளர்ந்தது. பிபிசியில் பல வருசம் வர்ணனை செய்த டெரி வோகன் 2008ஓடு விலகியதற்கும் இந்தச் சலிப்பு ஒரு காரணம். அதே வருசம் அயர்லாந்து ஒரு வான்கோழிப் பொம்மையைப் பாட அனுப்பியது! 2009இல் நடுவர் குழுவைத் திரும்பக் கொண்டுவந்து பாதிக்குப் பாதி ஆக்கினார்கள்.

இப்ப சண்டை மற்றப் பக்கம் திரும்பிவிட்டது. 2023இல் பின்லாந்தின் கேரியாவுக்கு மக்கள் 376 புள்ளி கொடுத்தார்கள், சுவீடனின் லோரீனுக்கு 243. நடுவர்கள் லோரீனுக்கு 340, கேரியாவுக்கு 150. கூட்டினால் லோரீன் வென்றார். 2024இலும் 2025இலும்கூட மக்கள் வாக்கில் முதலிடம் வந்த பாட்டு கிண்ணத்தைத் தூக்கவில்லை.

அதுக்காக மக்கள் வாக்குத்தான் சுத்தம் என்றும் சொல்ல ஏலாது. 2016இல் போலந்துக்கு நடுவர்கள் கொடுத்தது வெறும் 7 புள்ளி. மக்கள் கொடுத்தது 222. சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாது, ஆனால் ஜேர்மனியிலும் பிரிட்டனிலும் வாழும் போலந்துக்காரர் போலந்துக்கு வாக்களிக்கலாம்தானே?

இதைக் கேட்டுச் சிரிக்க முதல் 2015ஐ ஞாபகப்படுத்துங்கோ. கனடாவில் வளர்ந்த எங்கட பிள்ளை ஒருத்தி சூப்பர் சிங்கர் ஜூனியர் இறுதிச் சுற்றுக்கு வந்தபோது, ஒஸ்லோவிலிருந்து சிட்னி வரைக்கும் எத்தனை வீடுகளில் வாக்குப் போட்டோம்! குரலுக்காக மட்டுமா போட்டோம்? தூர இருக்கிற சனத்துக்கு வாக்கு என்பது "நாங்களும் இருக்கிறம்" என்று சொல்கிற ஒரு வழி. போலந்துக்காரருக்கும் அதேதான். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது பாட்டின் தரத்தை அளக்கும் தராசு இல்லை என்பதும் உண்மைதான்.

2026 வியன்னாப் போட்டிக்குப் புது விதிகள் வந்தன. ஒருவர் போடக்கூடிய வாக்குகள் 20இலிருந்து 10ஆகக் குறைந்தன, அரையிறுதிக்கும் நடுவர்கள் திரும்பினார்கள். அதோடு இஸ்ரேல் பங்கேற்பதை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் விலகின. "இது பாட்டுப் போட்டிதானே, ஏன் போகமாட்டினமாம்?" என்று பிள்ளை கேட்டால் தட்டிக் கழிக்காதீர்கள். போரைப் பற்றி எங்கட வீடுகளில் கதைக்கத் தெரியாத ஆக்கள் இல்லை.

பிள்ளைகளோடு பார்க்கும்போது

இந்த மேடையில் எங்கட பிள்ளைகள் பார்க்க வேண்டிய இன்னொரு விசயம், அங்கே நிற்கிறவர்களின் குடும்பக் கதை. லோரீனின் பெற்றோர் மொரோக்கோவிலிருந்து வந்தவர்கள். 2021இல் சுவிஸுக்காகப் பாடி நடுவர் வாக்கில் முதலிடமும் மொத்தத்தில் மூன்றாம் இடமும் எடுத்த ஜோன்ஸ் டியர்ஸ், கொசோவோ அல்பேனியக் குடும்பத்துப் பிள்ளை. 2025இல் ஒஸ்திரியாவுக்காக வென்ற ஜேஜேயின் தாய் பிலிப்பைன்ஸ்காரர். நாட்டின் பெயரைச் சுமந்து நிற்பதற்கு அப்பா அம்மா எங்கே பிறந்தார்கள் என்பது தடையில்லை என்று நாங்கள் நூறு தடவை சொல்வதை இந்த மூன்று நிமிடம் காட்டிவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய சில விசயங்கள்:

- ஒவ்வொரு பாட்டையும் முதலில் படம் பார்க்காமல் கேட்கச் சொல்லுங்கோ. பிறகு மேடையைப் பார்க்கட்டும். எவ்வளவு பாட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்வார்கள்.
- 1 முதல் 8, பிறகு 10, 12 என்று ஆளுக்கொரு புள்ளித்தாள் எழுதட்டும். 12 ஏன் என்று ஒரு வசனமாவது தமிழில் சொல்ல வேண்டும். "நல்லாயிருக்கு" என்பது காரணம் ஆகாது!
- தாத்தா பாட்டியையும் நடுவர் ஆக்குங்கோ. அவர்களின் புள்ளியும் பிள்ளைகளின் புள்ளியும் எங்கே ஒத்துப்போகிறது என்று பாருங்கோ.
- இறுதிப் போட்டி இஞ்ச இரவு ஒன்பதுக்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அடுத்த நாள் காலை மறுஒளிபரப்பே போதும், முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தரம் குறைந்ததா என்று கேட்டால், வாத்தியத்தில் ஆம், மொழியில் இல்லை, துணிவில் வருசத்துக்கு வருசம் மாறும் என்பதுதான் என் பதில். பிள்ளைகள் இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தங்கள் காதால் கேட்டு, காரணம் சொல்லி, தாத்தாவோடு வாதாடட்டும். ஒரு நல்ல பாட்டை அடையாளம் காணத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு எந்த மொழிப் பாட்டிலும் அதைத் தேடும். அது எங்கட மொழிப் பாட்டுகளுக்கும் நல்லதுதானே?