ஒரு சொல்லின் சுமை

ஒரு சொல் பல பொருள்களைத் தருதல் மொழிகட்கெல்லாம் பொதுவான இயல்பாகும். தமிழில் 'மா' என்னும் ஓரெழுத்து மொழி மரத்தையும் விலங்கையும் பெருமையையும் நில அளவையும் உணர்த்துதலை நாம் அறிவோம். இத்தகையதனைப் பலபொருள் ஒருசொல் என்று இலக்கண நூலார் வழங்குவர். ஆங்கிலத்தில் இவ்வகைச் சொற்கள் மிகப் பல. அவற்றுள் 'சார்ஜ்' என்னும் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் கல்லாதார் நாவிலும் நாள்தோறும் பயிலும் சொல் அது. பேருந்தில் ஏறுவோர் 'பஸ் சார்ஜ்' என்பர். கைபேசி அணைந்தால் 'சார்ஜ் இறங்கிவிட்டது' என்பர். காவலர் கூட்டத்தைத் தடி கொண்டு கலைத்தால் அது 'லத்தி சார்ஜ்'. தலைமையாசிரியர் விடுப்பில் சென்றால் மற்றோர் ஆசிரியர் 'இன்சார்ஜ்'. காவல் நிலையத்தார் நீதிமன்றத்தில் அளிப்பது 'சார்ஜ் ஷீட்'. காசு, மின்சாரம், அடி, பொறுப்பு, குற்றம் என்னும் இவ்வைந்துக்கும் தம்முள் என்ன உறவு?

இதனை அறிய அச்சொல்லின் பிறப்பை நாடவேண்டும். இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதியில் பண்டு வாழ்ந்த கெல்டிக் மக்களின் வண்டிப் பெயர் ஒன்றை உரோமர் ஏற்று, 'கார்ருஸ்' என்று இலத்தீனில் வழங்கினர். வண்டியில் பாரம் ஏற்றுதலைக் குறிக்கும் வினையொன்று பின்னர் அதினின்று பிறந்தது. அவ்வினை பிரெஞ்சு மொழியில் உருத்திரிந்து, 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் 'சார்ஜ்' எனப் புகுந்தது. நாம் அறிந்த 'கார்', கப்பற்சரக்கைக் குறிக்கும் 'கார்கோ', சுமந்து செல்லுதலைக் குறிக்கும் 'கேரி' ஆகிய யாவும் அதன் உறவினவே. கேலிச்சித்திரத்தின் பெயராகிய 'கேரிகேச்சர்' என்பதும், அளவுக்கு மிஞ்சி ஏற்றுதல் என்னும் பொருள்பட இத்தாலிய மொழியில் அவ்வேரினின்று தோன்றியதே. நீண்ட மூக்குடையார்க்கு மேலும் இரண்டு விரற்கடை ஏற்றிவிடுவதுதானே அக்கலை!

ஆகவே, 'சார்ஜ்' என்பதன் வேர்ப்பொருள் சுமை ஏற்றுதல். இவ்வொன்றைக் கைக்கொண்டால் ஏனைய பொருள்கள் தாமே விளங்கும். தமிழர்க்கு இஃது அரியதும் அன்று. நாமும் குற்றம் 'சுமத்தினான்' என்கிறோம். வரிச் 'சுமை' என்கிறோம். 'பொறுப்பு' என்னும் சொல்லோ பாரத்தைத் தாங்குதல் என்னும் பொருளுடைய 'பொறு' என்பதன் அடியாகப் பிறந்தது. ஆங்கிலேயன் வண்டியில் ஏற்றியதை நாம் தலையில் ஏற்றினோம்; வேறுபாடு அவ்வளவே.

ஒரு பொருளுக்கோ பணிக்கோ இவ்வளவு தரவேண்டும் என ஒருவர்மேல் ஏற்றிய தொகையே கட்டணமாகிய 'சார்ஜ்' ஆயிற்று. இப்பொருளில் அதற்கு இனமான சொற்கள் சில உள. அவை ஒன்றற்கொன்று ஈடாவன போலத் தோன்றினும் இடமறிந்து வழங்கற்பாலன. பயணத்திற்குத் தருவது 'ஃபேர்'. மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் தருவது 'ஃபீ'. பாலத்தையோ நெடுஞ்சாலையையோ கடப்பதற்குத் தருவது 'டோல்'. ஆதலின் நாம் 'பஸ் சார்ஜ்' என்பதை ஆங்கிலேயர் 'பஸ் ஃபேர்' என்றே கூறுவர். 'ஃபேர்' என்பதன் வேர் பயணம் செய்தல். 'ஃபீ' என்பதன் வேர் கால்நடை என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கருத்து. திருவள்ளுவர் 'மாடு' என்னும் சொல்லைச் செல்வம் என்னும் பொருளில் ஆண்டிருத்தலை இங்கு நினைவுகூர்க. கால்நடையே செல்வமாயிருந்த காலத்தின் சுவடு இரு மொழியிலும் பதிந்துள்ளது.

துப்பாக்கியில் மருந்து கெட்டித்தலும் ஒருவகை ஏற்றுதலே. எனவே அதற்கும் இச்சொல் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் பிராங்கிளின் மின்சாரத்தை ஆராய்ந்தபோது, கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்தலை இதே சொல்லாற் குறித்தார். பல குடுவைகளை இணைத்து அத்தொகுதிக்குப் 'பேட்டரி' என்று பெயரிட்டதும் அவரே. 'பேட்டரி' அக்காலத்தில் பீரங்கி வரிசையின் பெயர். தமிழ்நாட்டு அறிவியல் நூல்கள் இதனை மின்னூட்டம் என்றன. இலங்கைத் தமிழ் நூல்கள் மின்னேற்றம் என்றன. முன்னது உணவூட்டுதலை நினைவூட்டுகின்றது. பின்னது, ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளாகிய ஏற்றுதலை அப்படியே தாங்கி நிற்கின்றது.

போர்க்களத்தில் பகைவர்மேல் விரைந்து பாய்தலும் 'சார்ஜ்' எனப்படும். ஈட்டி முதலியவற்றைத் தாக்குதற்குரிய நிலையில் அமைத்துப் பிடித்தலைக் குறித்த சொல், நாளடைவில் அவ்வாறு பிடித்துப் பாய்தலையே குறிக்கலாயிற்று. 1854ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் கிரீமியப் போரில், பாலக்ளாவா என்னும் இடத்தில் ஏறத்தாழ 670 ஆங்கிலக் குதிரைவீரர் பாய்ந்த பாய்ச்சல் உலகறிந்தது. பகைவர் பீரங்கிகளைக் கொண்டுசெல்லாமல் தடுக்கவேண்டும் என்பது தலைவர் இட்ட கட்டளை. மேட்டின்மேல் நின்ற அவருக்குத் தெரிந்த பீரங்கிகள் வேறு. பள்ளத்தாக்கில் நின்ற படையினர்க்குத் தெரிந்த பீரங்கிகள் வேறு. படை தவறான பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தது. 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். சொல் ஒன்றே, கேட்டவர் கொண்ட பொருள் வேறு!

'இன்சார்ஜ்' என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. செவிலி குழந்தைக்குப் பொறுப்பாளர் என்று கூறவேண்டின், செவிலி குழந்தையின் 'இன் சார்ஜ்' என்பர். இடையில் 'தி' என்னும் சிறு சொல்லைச் சேர்த்து 'இன் தி சார்ஜ்' என்றால் பொருள் தலைகீழாகும். செவிலியைக் குழந்தை காப்பதாக முடியும். காக்கப்படும் அக்குழந்தையையே 'சார்ஜ்' என்று வழங்குதலும் உண்டு.

நீதிமன்ற வழக்கில்தான் இச்சொல்லை மிக விழிப்புடன் கொள்ளவேண்டும். ஒருவர் கொலைக்குற்றத்திற்குச் 'சார்ஜ்' செய்யப்பட்டார் என ஆங்கிலச் செய்தித்தாளில் படிப்போர் பலர், அவர் கொலைகாரர் என்றே முடிவு செய்துவிடுகின்றனர். அச்சொல் குற்றம் சாட்டுதலை மட்டுமே குறிக்கும். நம் நாட்டில் காவலர் குற்றப்பத்திரிகை அளித்தபின், வழக்கை மேற்கொண்டு நடத்த இடமிருப்பின் நீதிமன்றம் குற்றச்சாட்டை வனையும். அதன் பின்னரே சாட்சிகள் விசாரிக்கப்படுவர். மெய்ப்பிக்கப்படும் வரை அவர் குற்றவாளி அல்லர். மேலே ஏற்றிய சுமை அவருடையதுதானா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

ஏற்றியதை இறக்குதல் 'டிஸ்சார்ஜ்'. கப்பலிலிருந்து சரக்கை இறக்குதல், துப்பாக்கி சுடுதல், கடனை அடைத்தல், கடமையை ஆற்றுதல், நோய் தீர்ந்தவரை மருத்துவமனையினின்று அனுப்புதல் ஆகிய எல்லாம் அதனுள் அடங்கும். நீதிமன்றமும் ஒருவரை 'டிஸ்சார்ஜ்' செய்வதுண்டு. குற்றச்சாட்டை வனைதற்கே போதிய ஆதாரம் இல்லையெனக் கண்டு விடுவித்தல் அது. முழு விசாரணைக்குப் பின் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தலோ 'அக்விட்டல்'. முன்னதற்கு விடுவிப்பு என்றும், பின்னதற்கு விடுதலை என்றும் தமிழில் கூறுதல் தக்கது. விடுவிக்கப்பட்டவர்மேல் புதிய சான்று கிடைப்பின் மீண்டும் வழக்கு எழலாம். விடுதலை பெற்றவரின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமேயன்றி, அது நிலைத்து நிற்கும் வரை அதே குற்றத்திற்காக அவரைப் புதிதாக விசாரித்தல் ஆகாது.